எரிந்த நகரின் எரியாத கணக்குகள்

ஒரு நகரம் தீக்கிரையாகும்போது அழிவது எது, அழியாமல் மிஞ்சுவது எது என்று பிரித்தறியாமல், அந்நகரின் வணிகம் எவ்வாறு மீண்டது என்பதை விளங்கிக்கொள்ள இயலாது. 1871 அக்டோபர் 8, ஞாயிறு இரவு ஒன்பது மணியளவில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் மூண்டு, 10ஆம் நாள் அதிகாலை மழை பெய்யும்வரை எரிந்த பெருந்தீ, ஏறத்தாழ 2,100 ஏக்கர் பரப்பையும் 17,000க்கும் மேற்பட்ட கட்டடங்களையும் அழித்தது. சுமார் 300 பேரின் உயிரைக் குடித்து, மக்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவரை, அதாவது 1 லட்சம் பேரை, வீடற்றவர்களாக்கியது. 20 கோடி டாலரை ஒட்டிய பொருளிழப்பு, நகரின் மொத்தச் சொத்து மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு என அன்று மதிப்பிடப்பட்டது. ஆயினும், 1870ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 3 லட்சத்தைத் தொடாதிருந்த சிகாகோவின் மக்கள்தொகை, 1880இல் 5 லட்சத்தைக் கடந்தது. 1890இல் 11 லட்சத்தை நெருங்கியது.

இந்த மீட்சியைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் சிகாகோ வணிகர்களின் மனவுறுதியையே காரணமாகக் கூறிவந்துள்ளனர். உறுதி இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே உறுதி கொண்ட பல்லாயிரம் சிறுகடைக்காரர்களும் கைவினைஞர்களும் மீளவே இல்லை என்பதைக் காணும்போது, அந்த விளக்கம் போதாது என்பது தெளிவாகிறது. கடைகளும் கிடங்குகளும் எரிந்தபோது எரியாமல் நின்ற இருப்புப்பாதை, வெளியூரில் இருந்த பணம், நில உரிமையை மெய்ப்பிக்கும் ஏடுகள், பழைய கடன் உறவுகள் ஆகியவை யாரிடம் இருந்தனவோ அவர்களே விரைவில் எழுந்தனர். இவை இல்லாதவர்கள், சரியாக அதே அளவு உழைத்தும், பின்தங்கினர் அல்லது மறைந்தனர்.

தீ ஏன் அவ்வளவு பரவியது என்பதை விரிவாக விளக்க வேண்டியதில்லை. சிகாகோ மரத்தாலான நகரம்: வீடுகள் மட்டுமன்றி நடைபாதைகளும் பல தெருக்களின் தளமுமே மரக்கட்டைகளால் ஆனவை, கல்லாலும் செங்கல்லாலும் கட்டப்பட்டவை என்று பெருமை பேசப்பட்ட வணிக மாளிகைகள் பலவற்றின் கூரையும் அலங்கார விளிம்புகளும் கூட மரத்தாலும் தாராலும் ஆனவையாக இருந்தன. அவ்வாண்டுக் கோடையிலும் இலையுதிர் காலத் தொடக்கத்திலும் மழை பொய்த்திருந்தது. முந்தைய நாளிரவு மேற்குப் பகுதியில் மூண்ட மற்றொரு தீயை அணைத்துக் களைத்திருந்த தீயணைப்புப் படையினரின் எண்ணிக்கை இருநூறையும் எட்டாது. தென்மேற்கிலிருந்து வீசிய கடுங்காற்று நெருப்பை ஆற்றின் கிளையைத் தாண்டி வணிகப் பகுதிக்குள் கொண்டுசேர்க்க, குடிநீர் நிலையத்தின் கூரை எரிந்து வீழ்ந்து நீரேற்றும் எந்திரங்கள் நின்றபின், அணைப்பதற்கு நீரும் இல்லாமற் போயிற்று. டீகோவன் தெருவில் ஓலியரி குடும்பத்தாரின் கொட்டிலில் தீ தொடங்கியது உண்மை. ஆனால் அவர்களுடைய பசு விளக்கை உதைத்ததால்தான் நகரம் எரிந்தது என்னும் கதை செய்தியாளர்களின் கைவண்ணம் என்பது பின்னர் ஒப்புக்கொள்ளப்பட்டது. அயர்லாந்திலிருந்து வந்த ஏழைப் பெண்ணான திருமதி ஓலியரி மீது சுமத்தப்பட்ட அந்தப் பழியை நகர மன்றம் முறையாக நீக்குவதற்கு 1997 வரை ஆயிற்று என்பது தனியே எண்ணத்தக்கது.

எரியாதவை

வணிக நிலையில் பார்த்தால், சிகாகோ ஒரு கடைவீதி என்பதைவிட ஒரு சந்திப்பு என்பதே பொருந்தும். மேற்கே பரந்த புல்வெளி மாநிலங்களின் கோதுமையும் மக்காச்சோளமும் மாடும் பன்றியும், வடக்கே மிச்சிகன், விஸ்கான்சின் காடுகளின் மரமும் இங்கு வந்து சேர்ந்தன. கிழக்குக் கரையின் துணியும் இரும்புப் பொருள்களும் இங்கிருந்தே மேற்கு நோக்கிப் பகிர்ந்தளிக்கப்பட்டன. இந்தப் போக்குவரத்தைத் தாங்கிய இருப்புப்பாதைகளுள் பெரும்பகுதி தீயால் சேதமுறவில்லை. எரிந்தவை நிலையக் கட்டடங்களும் சரக்குக் கொட்டகைகளுமே. 1865இல் நகரின் தெற்கே திறக்கப்பட்ட யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் எனப்படும் மாபெரும் கால்நடைச் சந்தையும், அதைச் சூழ்ந்த இறைச்சித் தொழிற்கூடங்களும் தீயின் பாதைக்கு வெகு தொலைவில் இருந்தன. ஆற்றின் தென்கிளையை ஒட்டியிருந்த மரத்தொட்டிகள் பலவும், எலிவேட்டர் என அழைக்கப்பட்ட, எந்திரங்களால் தானியத்தை உயரே ஏற்றிச் சேமிக்கும் கோபுரக் கிடங்குகளில் பெரும்பாலானவையும் தப்பின.

இதன் விளைவு எளிமையானது. அயோவாவிலோ கான்சாசிலோ இருந்த உழவர் ஒருவர் தம் தானியத்தை விற்பதற்குச் சிகாகோவை விட்டால் அவ்வளவு எளிய வழி வேறில்லை. கைக்காசு கிடைத்ததும் அவர் வாங்க விரும்பிய துணியும் கருவிகளும் அதே வழியாகவே வந்தாக வேண்டும். வாங்குவோரும் விற்போரும் நகருக்கு வெளியே நலமாக இருந்தனர். எரிந்தது அவர்கள் சந்தித்த இடம் மட்டுமே. செயின்ட் லூயிஸ் போன்ற போட்டி நகரங்கள் இந்த வணிகத்தைப் பறித்துக்கொள்ளும் என்று சிலர் எதிர்பார்த்ததும், அச்சமுற்றதும் உண்டு. ஆனால் இருப்புப்பாதைகளின் திசையை ஒரு தீயால் மாற்ற முடியவில்லை. தானிய வணிகர்களின் அமைப்பான போர்டு ஆஃப் டிரேட், தன் மாளிகையை இழந்த சில நாள்களிலேயே தற்காலிக இடத்தில் கூடி வேலையைத் தொடங்கியது. தீ பரவியதற்குச் சரியாக ஓராண்டு கழித்து, 1872 அக்டோபர் 9 அன்று, புதிய மாளிகைக்குள் குடிபுகுந்தது.

கடைவீதியின் முதல் வாரங்கள் இடத்துக்கான அலைச்சலாகவே கழிந்தன. வணிகப் பகுதியின் தெருக்களில் கல்லும் சாம்பலும் இன்னும் சூடாக இருந்தபோதே, நிலத்தரகர் வில்லியம் கெர்ஃபுட் ஒரு சிறு மரக்குடிசையை அங்கே நிறுத்தி, மனைவி மக்களும் ஊக்கமும் தவிர எல்லாம் போயிற்று என்னும் பொருள்படப் பலகை மாட்டினார். அதன் புகைப்படம் நாடெங்கும் பரவி, நகரின் துணிவுக்கு அடையாளமாயிற்று. எரிந்த நகரில் முதலில் கடை திறந்தவர் நிலம் விற்பவர் என்பதை அந்தப் படத்தைப் போற்றியவர்கள் அதிகம் பொருட்படுத்தவில்லை. மேற்குப் பகுதியிலும் தெற்கே எரியாமல் நின்ற வாபாஷ், மிச்சிகன் நிழற்சாலைகளிலும் இருந்த குடியிருப்பு வீடுகள் ஒரே வாரத்தில் கடைகளாகவும் அலுவலகங்களாகவும் மாறின. வரவேற்பறையில் துணிவணிகரும் மாடியில் வழக்கறிஞரும் அமர, வாடகை பன்மடங்கு உயர்ந்தது. ஏரிக்கரைப் பூங்காவில் ஓராண்டுக்கு மட்டும் என்னும் நிபந்தனையுடன் மரக்கொட்டகைகள் எழுப்பிக்கொள்ள நகராட்சி இசைவளித்ததால், மொத்த வியாபாரிகள் அங்கே வரிசையாக இடம்பிடித்தனர்.

பெருவணிகம் எவ்வாறு மீண்டது என்பதற்கு ஃபீல்டு, லைட்டர் நிறுவனம் தக்க சான்றாகும். மார்ஷல் ஃபீல்டும் லீவை லைட்டரும் நடத்திவந்த இந்தத் துணிக்கடை, 1868 முதல் ஸ்டேட் தெருவின் பளிங்கு மாளிகையில் இயங்கிவந்தது. தீ நெருங்கிய இரவில் ஊழியர்கள் வண்டிகளில் ஏற்றி அப்புறப்படுத்திய சரக்கைத் தவிர ஏனையவை சாம்பலாயின. அடுத்து அவர்கள் செய்தவை இரண்டு: பணிப்பெண்களுக்கும் கடைப்பையன்களுக்கும் சேர வேண்டிய கூலி எங்கே, என்று வழங்கப்படும் என்பதை அறிவிக்கும் பலகையை இடிபாட்டின் மேலேயே நட்டனர், நகரின் தெற்கே, குதிரைகள் இழுக்கும் டிராம் வண்டிகளை நிறுத்தும் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, குதிரைகளை வெளியேற்றி, சுவருக்கு வெள்ளையடித்துச் சில வாரங்களுக்குள் விற்பனையைத் தொடங்கினர். கொட்டகையை நிரப்பிய சரக்கு கிழக்கு மாநிலங்களிலிருந்து கடனுக்கே வந்தது. பெரும்பகுதி இழப்புக்குக் காப்பீட்டுத் தொகையும் கிடைத்தது. 1873 அக்டோபரில், சிங்கர் தையல் எந்திர நிறுவனம் எழுப்பிய புதிய கட்டடத்தில் அவர்கள் பழைய இடத்துக்கே திரும்பினர். நான்காண்டுகளில் அதுவும் எரிந்தது, மீண்டும் எழுந்தனர்.

பத்திரமும் பாலிசியும்

பணத்தைவிட முன்னதாக எழுந்த சிக்கல் ஒன்று உண்டு. அதைப் பற்றி வெளியூர்ச் செய்தித்தாள்கள் மிகக் குறைவாகவே எழுதின. குக் மாவட்ட நீதிமன்றக் கட்டடம் எரிந்தபோது, அதனுள் இருந்த நிலப்பதிவேடுகள் அனைத்தும் எரிந்தன. எந்த மனை யாருடையது, அதன் மேல் அடமானம் உள்ளதா, வரிபாக்கி உள்ளதா, முன்னிருந்தவர் முறையாக விற்றாரா என்பவற்றை மெய்ப்பிக்கும் அரசுச் சான்று ஒன்றுகூட மிஞ்சவில்லை. நில உரிமை ஐயத்துக்கு இடமானால் அந்த நிலத்தை ஈடாக வைத்துக் கடன் வாங்க இயலாது. கடன் இல்லையேல் கட்டடம் இல்லை. மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் இல்லாத மனைக்கு எந்த வங்கியும் கடன் கொடுப்பதில்லை என்பதை அறிந்த எவரும், ஒரு முழு நகரமே அந்நிலைக்கு ஆளாவதன் பொருளை எளிதில் உணர்வர்.

நகரைக் காத்தவை மூன்று தனியார் நிறுவனங்களின் ஏடுகள். ஷார்ட்டால் அண்டு ஹோர்டு, சேஸ் பிரதர்ஸ், ஜோன்ஸ் அண்டு செல்லர்ஸ் ஆகிய இம்மூன்றும், அரசுப் பதிவேடுகளைப் பார்த்து ஒவ்வொரு மனைக்கும் உரிய கைமாற்ற வரலாற்றைச் சுருக்கமாக எழுதிவைத்து, நிலம் வாங்குவோருக்கு நகலெடுத்து விற்கும் தொழிலைச் செய்துவந்தன. தீயன்று இரவு அவற்றின் ஊழியர்களும் உரிமையாளர்களும் வண்டி பிடித்து ஏடுகளை அப்புறப்படுத்தினர். எந்த ஒரு நிறுவனத்தின் தொகுதியும் முழுமையாகத் தப்பவில்லை. ஆனால் ஒன்றில் விடுபட்டது மற்றொன்றில் இருந்ததால், போட்டியாளர்களான மூவரும் தம் ஏடுகளை ஒன்றுசேர்த்தபோது ஏறக்குறைய முழுமையான வரலாறு கிடைத்தது. 1872இல் இல்லினாய் மாநிலச் சட்டமன்றம் எரிந்த பதிவேடுகள் சட்டத்தை இயற்றி, இத்தகைய தனியார் சுருக்கங்களை நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கவும், உரிமையை வழக்கின் மூலம் புதிதாக நிலைநாட்டிக்கொள்ளவும் வழிசெய்தது. ஒன்றுசேர்ந்த அந்நிறுவனங்களின் வழியில் வந்ததே பிற்காலச் சிகாகோ டைட்டில் அண்டு டிரஸ்ட் நிறுவனம். தீயின் வரலாற்றில் வீரச்செயல் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாயின், ஏட்டுக்கட்டுகளை வண்டியில் ஏற்றிய அந்தச் செயலுக்கே முதலிடம் தர வேண்டும்; ஆனால் அதற்குச் சிலை வைத்தவர் எவரும் இல்லை.

வங்கிகளின் நிலை இதைவிடத் தேவலை. கட்டடங்கள் வீழ்ந்தாலும் நிலவறைப் பெட்டகங்களில் இருந்த பணமும் கடன்பத்திரங்களும் பெரும்பாலும் தப்பின. சூடு தணிவதற்குள் பெட்டகத்தைத் திறந்தால் உள்ளே புகும் காற்றுப் பட்டுத் தாள்கள் பற்றிக்கொள்ளும் என்பதால் காத்திருக்க வேண்டியிருந்தது. வைப்புத்தொகையில் ஒரு பகுதியை மட்டும் முதலில் வழங்கலாம் என்னும் யோசனை இருந்தபோதிலும், ஒரு வாரத்தை ஒட்டி வங்கிகள் திறந்தபோது, அஞ்சியதுபோல் பணம் எடுப்போரின் நெரிசல் அவற்றை வீழ்த்தவில்லை.

காப்பீட்டின் கதை வேறு. தீக்காப்பீடு என்பது பலரிடம் சிறுசிறு தொகையைப் பிரீமியமாகப் பெற்று, எப்போதாவது ஒருவருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யும் ஏற்பாடு. எல்லாருக்கும் ஒரே நாளில் இழப்பு நேர்ந்தால் அந்த ஏற்பாட்டின் அடித்தளமே ஆட்டம்காணும். எரிந்த சொத்துகள் மீது ஏறத்தாழ 10 கோடி டாலர் அளவுக்குப் பாலிசிகள் இருந்தன. அதில் சுமார் பாதியே கடைசியில் கைக்கு வந்தது. பொறுப்பேற்றிருந்த ஏறக்குறைய 200 நிறுவனங்களுள் அறுபதுக்கும் மேற்பட்டவை மஞ்சள் கடிதாசி நீட்டின. இவற்றுள் மிக மோசமாகச் சரிந்தவை சிகாகோவையே தலைமையிடமாகக் கொண்டிருந்த உள்ளூர் நிறுவனங்கள். அவை பாலிசி விற்றது சிகாகோ கட்டடங்களுக்கு. அப்படித் திரட்டிய பணத்தை முதலீடு செய்திருந்ததும் சிகாகோ நிலத்திலும் சிகாகோ அடமானங்களிலும். பொறுப்பும் சொத்தும் ஒரே தெருவில் இருந்ததால் இரண்டும் ஒரே இரவில் எரிந்தன.

லிவர்பூல், லண்டன், எடின்பரோ ஆகிய நகரங்களைத் தலைமையிடமாகக் கொண்ட பிரிட்டிஷ் நிறுவனங்களும், கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டு நகரின் பெரிய நிறுவனங்களும் தம் பொறுப்பை நிறைவேற்றின. பரந்த உலகில் இடர்ப்பாட்டைப் பகிர்ந்து வைத்திருந்தவை அவை. அதோடு, பிறர் தவறிய இடத்தில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதைவிடச் சிறந்த விளம்பரம் இருக்க முடியாது என்பதையும் அவை அறிந்திருந்தன. யார் எந்த நிறுவனத்தின் பாலிசியை வைத்திருந்தார் என்பதே இவ்வாறு மீட்சியின் எல்லைக்கோடாயிற்று. பெரிய வணிகர்கள் பல நிறுவனங்களிடம், குறிப்பாக வெளியூர், வெளிநாட்டு நிறுவனங்களிடம், பாலிசிகளைப் பிரித்து எடுத்திருந்தனர். வடக்குப் பகுதியில் வாழ்ந்த ஜெர்மானியத் தச்சர், மளிகைக்காரர், தையற்காரர் போன்றோர், தம் மொழி பேசும், தம் தெருவில் அலுவலகம் வைத்திருந்த உள்ளூர் நிறுவனத்தையே நம்பியிருந்தனர். டாலருக்குச் சில சென்ட் மட்டுமே கிடைத்தவர்கள் அவர்களுள் பலர். இவ்வேறுபாட்டைத் திறமையின் வேறுபாடாகக் காட்டிய அக்காலப் பத்திரிகைகளின் மனப்பான்மை ஏற்கத்தக்கதன்று.

வெளியூர்ப் பணம்

காப்பீடு ஒரு பகுதியைத் தந்தது என்றால், மற்றொரு பகுதியைக் கடன் தந்தது. சிகாகோவின் மொத்த வணிகர்கள் நியூயார்க், பாஸ்டன் நகரத்துச் சரக்காளர்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி ஏராளம். அந்தக் கடன்காரர்களை நெருக்கிப் பிடித்தால் கிடைப்பது சாம்பல்தான் என்பதை உணர்ந்த கிழக்கு வணிகர்கள், தவணையை நீட்டித்ததோடு புதிய சரக்கையும் அனுப்பினர். இதில் இரக்கமும் இருந்திருக்கலாம். எனினும் பழைய பாக்கியை மீட்பதற்கு வேறு வழி இல்லாததே முதற்காரணம். நூறாயிரம் டாலர் பாக்கி வைத்திருந்தவருக்குக் கிடைத்த இந்தச் சலுகை, யாரிடமும் கடன்படாமல் சிறுகச் சேர்த்துக் கடை நடத்தியவருக்குக் கிடைக்கவில்லை.

பாட்டர் பால்மர் இந்தக் கடன் உலகின் உச்சியில் நின்றவர். ஸ்டேட் தெருவை வணிக வீதியாக்கியவரும், ஃபீல்டு, லைட்டர் கடையின் பளிங்கு மாளிகைக்கு உரியவருமான அவர் கட்டிய பால்மர் ஹவுஸ் என்னும் ஓட்டல், செப்டம்பர் 26 அன்று திறக்கப்பட்டு, பதின்மூன்று நாள்களில் எரிந்தது. ஏனைய கட்டடங்களும் போய், வாடகை வருவாய் முற்றும் நின்ற நிலையில், ஹார்ட்ஃபோர்டைச் சேர்ந்த கனெக்டிகட் மியூச்சுவல் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் அவருக்கு 17 லட்சம் டாலர் கடன் வழங்கியது; தனியொருவருக்கு அதுவரை வழங்கப்பட்ட மிகப் பெரிய கடன்களுள் ஒன்றாக அது பேசப்பட்டது. இரண்டாவது பால்மர் ஹவுஸ் 1873 நவம்பரில் திறக்கப்பட்டு, தீப்பிடிக்காத ஓட்டல் என விளம்பரப்படுத்தப்பட்டது. அறுவடை எந்திர உற்பத்தியாளர் சைரஸ் மெக்கார்மிக், ஆற்றங்கரையில் இருந்த தம் தொழிற்சாலை எரிந்ததை, நகரின் தென்மேற்கில் விரிந்த இடத்துக்கு மாறும் வாய்ப்பாக மாற்றிக்கொண்டார்; புதிய ஆலை 1873இல் இயங்கத் தொடங்கியது. நெருக்கடியான பழைய இடத்தில் தொடர்ந்திருந்தால் அந்த விரிவாக்கத்துக்கு இன்னும் பல ஆண்டுகள் பிடித்திருக்கும்.

அரசின் பங்கு மறைமுகமானது. நகருக்கு நேரடியாக நிதி வழங்கவிடாமல் இல்லினாய் மாநில அரசியலமைப்பு தடுத்ததால், சட்டமன்றம் ஒரு சுற்றுவழியைக் கண்டது: இல்லினாய் - மிச்சிகன் கால்வாயை ஆழப்படுத்துவதற்காகச் சிகாகோ முன்னர்ச் செலவிட்டிருந்த ஏறத்தாழ 29.5 லட்சம் டாலரைத் திருப்பித் தந்தது. அதில் ஒரு பகுதி பாலங்களுக்கும் பொதுக்கட்டடங்களுக்கும் செலவிடப்பட்டது. அமெரிக்க நாடாளுமன்றம் 1872 ஏப்ரலில், சிகாகோவில் கட்டுவதற்காக இறக்குமதியாகும் பொருள்களுக்கு ஓராண்டுச் சுங்க விலக்கு அளித்தது. ஆனால் மரத்துக்கு மட்டும் விலக்கு இல்லை. மிச்சிகன், விஸ்கான்சின் மர முதலாளிகள் கனடாவின் மரம் மலிவாக உள்ளே வருவதை விரும்பாததே அதற்குக் காரணம். சிகாகோ எரிந்த அதே இரவில் விஸ்கான்சினின் பெஷ்டிகோ என்னும் காட்டூர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்களுடன் எரிந்தழிந்தது என்பதையும், சிகாகோவின் முதல் மேயரான வில்லியம் ஆக்டன் இரண்டு இடங்களிலும் பெருஞ்சொத்தை இழந்தார் என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.

உலகெங்குமிருந்து வந்த நன்கொடை ஏறத்தாழ 48 லட்சம் டாலர். மேயர் ராஸ்வெல் மேசன் இதைப் பகிரும் பொறுப்பை நகராட்சியிடம் விடாமல், வணிகப் பெருமக்கள் நடத்திய சிகாகோ நிவாரண உதவிச் சங்கத்திடம் ஒப்படைத்தார். அச்சங்கம் ஏறத்தாழ 8,000 சிறு மரவீடுகளுக்கான பொருள்களை வழங்கியது; தையல் எந்திரங்களையும் கைத்தொழிற் கருவிகளையும் கொடுத்துச் சிலரைச் சொந்தக் காலில் நிறுத்தியது. ஆனால் உடல்வலு உள்ள ஆண்களுக்கு நெடுநாள் உதவி தரக் கூடாது என்பதில் அது கண்டிப்பாக இருந்தது. கட்டுமான வேலைக்கு ஆள் தேவை என்பதும், இலவச உணவு கிடைத்தால் கூலி உயரும் என்னும் முதலாளிகளின் கவலையும் அந்தக் கண்டிப்புக்குப் பின்னால் இருந்தன. வேலை தேடி நாடெங்குமிருந்து வந்து குவிந்த தொழிலாளர், உறைபனிக் காலத்திலும் சாந்து உறையாமல் இருக்க நெருப்பு மூட்டிக்கொண்டே சுவர் எழுப்பினர். இடிபாட்டுக் கற்களும் சாம்பலும் ஏரிக்கரையோர நீரில் கொட்டப்பட்டுப் புதுநிலம் உருவாயிற்று. அக்கரையில் 1873இல் நகரின் மீட்சியைப் பறைசாற்றும் தொழிற்பொருட்காட்சிக் கட்டடம் எழுந்தது. அது அகற்றப்பட்ட இடத்தில் கட்டப்பட்ட கலைக்கூடத்தில்தான், சென்னை அன்பர்களும் இராமநாதபுரம் சேதுபதியும் துணைநின்று அனுப்பிய விவேகானந்தர் 1893இல் உரையாற்றினார்.

செங்கல் யாருக்கு?

சிகாகோ டிரிப்யூன் நாளிதழின் உரிமையாளர்களுள் ஒருவரான ஜோசஃப் மெடில், 1871 நவம்பரில் தீத்தடுப்பு அணி என்னும் பெயரில் போட்டியிட்டு மேயரானார். நகர எல்லைக்குள் மரக்கட்டடங்களுக்கு முழுத்தடை என்பது அவருடைய திட்டம். அறிவுக்குப் பொருத்தமான இத்திட்டத்தில் ஒரு குறை இருந்தது: செங்கல் வீட்டின் செலவு மரவீட்டின் செலவைவிடப் பன்மடங்கு. வடக்குப் பகுதியின் ஜெர்மானியத் தொழிலாளர்கள் பலருக்கு மிஞ்சியிருந்த ஒரே சொத்து, சேமித்து வாங்கிய மனை. அதில் மரவீடு கட்டக் கூடாதென்றால் மனையை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு வாடகைக்குப் போவது தவிர வேறு வழியில்லை. 1872 ஜனவரி 15 அன்று இரவு அவர்கள் திரண்டு நகர மன்றத்தை நோக்கி ஊர்வலம் சென்றனர். விளைவாக வந்த சட்டம் ஒரு சமரசம். வணிகப் பகுதிக்கு மரத்தடை, தொழிலாளர் குடியிருப்புகள் பலவற்றுக்கு விலக்கு.

1873 செப்டம்பரில் ஜே குக் வங்கி வீழ்ந்து நாடு முழுவதும் பொருளாதார நெருக்கடி பரவியபோது, கடன் வாங்கி எழுந்த சிகாகோவின் கட்டுமானம் நின்றுபோனது. புதிய மாளிகைகளின் தளங்கள் வாடகைக்கு ஆளின்றிக் கிடந்தன. வட்டி கட்ட இயலாத உரிமையாளர்கள் பலர் நிலத்தைக் கடன்கொடுத்தவரிடமே விட்டனர். அவ்வாண்டு டிசம்பரில், தீ நிவாரண நிதியில் செலவாகாமல் இருந்த தொகையைக் கேட்டு வேலையற்றோர் நிவாரணச் சங்கத்தின் முன் திரண்டனர். மீட்சியைப் பற்றிய பெருமித நூல்கள் பெரும்பாலும் இதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன.

1874 ஜூலை 14 அன்று, வணிகப் பகுதிக்குத் தெற்கே மற்றொரு தீ 47 ஏக்கரையும் 800க்கும் மேற்பட்ட கட்டடங்களையும் எரித்தது. முதல் தீயில் தப்பியிருந்த அப்பகுதி, கறுப்பின மக்களும் ஏழைக் குடியேறிகளும் வாழ்ந்த இடம். அவர்கள் சேர்த்திருந்த வீடுகளும் தேவாலயங்களும் அழிந்தன. முந்தைய தீக்கு வந்ததுபோன்ற உலகளாவிய நன்கொடையும் கடன் சலுகையும் இதற்கு வரவில்லை. ஆனால் நகர மன்றமும் ஊர்வலமும் மூன்றாண்டுகளாகத் தீர்க்க இயலாத மரத்தடைக் கேள்வியை இந்தத் தீ தீர்த்தது. இதற்கிடையில் 1872 நவம்பரில் பாஸ்டன் எரிந்ததால் மேலும் அடிபட்டிருந்த காப்பீட்டு நிறுவனங்களின் தேசியக் கூட்டமைப்பு, மரக்கட்டடங்களுக்குக் கடும் கட்டுப்பாடும் தீயணைப்புத் துறையில் சீர்திருத்தமும் வராவிட்டால் சிகாகோவில் பாலிசி விற்பதை நிறுத்துமாறு தன் உறுப்பினர்களுக்கு 1874 அக்டோபரில் அறிவுறுத்தியது. பாலிசி இல்லாத கட்டடத்துக்கு அடமானக் கடன் இல்லை; எனவே நகர மன்றம் பணிந்தது.

இவ்வாறு எழுந்த நகரம், எரிவதற்கு முன்னிருந்ததைவிடச் சிறந்ததாக அமைந்ததா என்பது ஆய்வாளர்களிடையே விவாதத்துக்குரியது. சிகாகோ, பாஸ்டன், பால்டிமோர் நகரங்களின் தீக்களை ஒப்பிட்டு 1986இல் நூல் எழுதிய கிறிஸ்டீன் மைஸ்னர் ரோசன், வெறுமையான நிலம் கிடைத்தும் தெருக்களை அகலப்படுத்துவது போன்ற பொது மேம்பாடுகள் எவ்வளவு கடினமாக இருந்தன என்பதை எடுத்துக்காட்டினார். ஒவ்வொரு மனைக்கும் ஓர் உரிமையாளர், ஒவ்வொருவருக்கும் அவசரம், தன் மனையில் ஓரடியும் விட மனமில்லை. 1872ஆம் ஆண்டுப் பாஸ்டன் தீயை ஆராய்ந்து 2017இல் கட்டுரை வெளியிட்ட ரிச்சர்டு ஹார்ன்பெக், டேனியல் கெனிஸ்டன் ஆகிய பொருளியலாளர்களோ, எரிந்த பகுதியில் மட்டுமன்றி அதையடுத்து எரியாத பகுதியிலும் நிலமதிப்பு உயர்ந்ததைக் கண்டனர். அவர்களுடைய விளக்கம் கூர்மையானது: பக்கத்துக் கட்டடம் பழையதாக இருக்கும்வரை தன் கட்டடத்தைப் புதுப்பிப்பதால் உரிமையாளருக்குக் கிடைக்கும் பயன் குறைவு, எல்லாரும் ஒரே காலத்தில் கட்டும்போது ஒருவருடைய முதலீடு மற்றவருடைய மதிப்பையும் உயர்த்துகிறது. சிகாகோவின் மையப் பகுதிக்கும் இது பொருந்தும் என்று கருத இடமுண்டு. ஆனால் நிலமதிப்பு என்பது நிலம் வைத்திருப்பவரின் கணக்கு. வாடகைக்கடைக்காரரின் கணக்கு அதில் இல்லை.

தொழில்நுட்பத்தில் தீ விட்டுச்சென்ற பாடம் தெளிவானது. இரும்பு எரியாது என்று நம்பிக் கட்டிய கட்டடங்களில், வெப்பத்தால் வார்ப்பிரும்புத் தூண்கள் இளகி முறிந்ததைக் கண்ட பொறியாளர்கள், சுட்ட களிமண்ணால் செய்த உள்ளீடற்ற ஓடுகளைக் கொண்டு இரும்பைப் போர்த்தும் முறையைக் கையாண்டனர். ஓடு போர்த்திய உலோகச் சட்டகத்தின் மீது வில்லியம் லெ பாரன் ஜென்னி வடிவமைத்த பத்து மாடிக் கட்டடம் 1885இல் நிறைவடைந்தது. உலகின் முதல் வானளாவி எனப் பலராலும் சுட்டப்படும் அதைக் கட்டியது நியூயார்க்கைச் சேர்ந்த ஹோம் இன்ஷுரன்ஸ் என்னும் காப்பீட்டு நிறுவனம். வணிக முறையிலும் ஒரு புதுமை பிறந்தது: சரக்கு எரிந்துபோனதால் தொடங்குமுன்பே தடைப்பட்ட ஆரன் மாண்ட்கோமரி வார்டு, 1872இல் ஒரே தாளில் அச்சிட்ட விலைப்பட்டியலுடன் உழவர்களுக்கு அஞ்சல்வழி விற்பனையைத் தொடங்கினார். கடைவீதியே தேவைப்படாத அந்த வணிகம் நின்றது எரியாத இருப்புப்பாதையின் மேல்.

மரத்தடை 1874க்குப் பின் நகர எல்லை முழுவதும் விரிந்தபோது, மரவீடு மட்டுமே கட்ட இயன்ற தொழிலாளரும் சிறுகடைக்காரரும் எல்லைக்கோட்டைத் தாண்டிச் சென்றனர். சட்டம் எட்டாத லேக் வியூ, டவுன் ஆஃப் லேக் போன்ற புறநகர்களில், மனையை அடுத்த மனையாக மரவீடுகளும் மரக்கடைகளும் எழுந்தன. நிலத்தரகர்கள் அங்கே தீத்தடைச் சட்டம் இல்லை என்பதையே விற்பனைச் சிறப்பாகக் காட்டினர். 1889இல் சிகாகோ அப்புறநகர்களைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டுக் கணக்கெடுப்பில் 11 லட்சத்தை நெருங்கிய மக்கள்தொகையில், மரவீடுகளுடன் திரும்ப உள்ளே வந்த இவர்களும் அடக்கம்.